தினம் 50 புதிய அட்டை போட்டும் ஏன் நினைவில் நிற்கவில்லை? ஒரு நாளைக்கு எவ்வளவுதான் படிக்கலாம்?

தென்பொதிகை கேட்டது:

வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதால் வார நாளில் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். காலையில் ஒன்று, இரவில் இரண்டு. சமச்சீர் 6 முதல் 10 வரை தமிழும் சமூக அறிவியலும் கையில் இருக்கின்றன. பாடத்தைப் படித்து, கோடிட்டு, ஆன்கி செயலியில் (கேள்வி-விடை அட்டைகளை நாள் இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டுவது) தினம் 50 புதிய அட்டை சேர்க்கிறேன். தொடக்கத்தில் ஓடியது. இப்போது மறுபார்வைக்கே 350-க்கு மேல் வந்து நிற்கிறது, அதில் பாதி தப்பு. புதிய பாடம் தொட நேரமே இல்லை.

கேள்விகள்: ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறும் என்று மூளைக்கு வரம்பு ஏதும் உண்டா? மூன்று முறை படித்த பாடத்தில்கூட கொள்குறி வினா வந்தால் நான்கு விடையும் சரி மாதிரியே தெரிவது ஏன்? எட்டுத்தொகை நூல்களின் அடி வரையறை (ஒரு பாடலுக்குக் குறைந்தது, அதிகபட்சம் எத்தனை அடி), தொகுத்தவர், தொகுப்பித்தவர் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புவதை எப்படித் தவிர்ப்பது?

கூட்டல்கழித்தல்:

வரம்பு இருக்கிறது. ஆனால் இன்று தலைக்குள் எவ்வளவு நுழையும் என்பதை வைத்து அதைக் கணக்கிடக் கூடாது. இன்று சேர்ப்பதை நாளை, நாலாம் நாள், பத்தாம் நாள் திரும்பிப் பார்க்க நேரம் இருக்குமா என்பதுதான் கணக்கு. புதிய அட்டை ஒவ்வொன்றும் கடன் மாதிரி. வாங்கும்போது சுலபம், தவணை பின்னால் வரும்.

உங்கள் எண்ணையே போட்டுப் பார்ப்போம். ஓர் அட்டை முதல் நாளில் இரண்டு மூன்று முறை கண்ணில் படும். பிறகு ஏறத்தாழ 1, 3, 7, 18 நாள் இடைவெளிகளில் வரும். தப்பானவை திரும்பத் தலைகாட்டுவதையும் சேர்த்தால் முதல் மாதத்தில் ஓர் அட்டைக்குச் சுமார் எட்டுப் பார்வை. அதாவது தினம் 50 புதியது போட்டால் ஒரு மாதத்துக்குள் தினம் 400 பார்வையில் வந்து நிற்கும். உங்களுக்கு 350 வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆன்கி தானாக வைத்திருக்கும் எண் 20தான், அதற்குக் காரணம் உண்டு.

அடுத்து, ஒரு பார்வைக்கு எத்தனை நொடி? புள்ளிவிவரப் பக்கத்தில் சராசரி விடை நேரம் இருக்கும், பாருங்கள். ஒரே ஒரு தகவல் உள்ள அட்டை 8 முதல் 10 நொடியில் முடியும். ஐந்து பாயிண்ட் எழுதிய அட்டை 30 நொடி தின்னும். 400 பார்வையை 10 நொடியால் பெருக்கினால் 67 நிமிடம். 30 நொடியால் பெருக்கினால் 3 மணி 20 நிமிடம், உங்களிடம் உள்ள மொத்த நேரத்தைவிட அதிகம். பாதி தப்பு என்பதால் உங்கள் அட்டைகள் பெரிய அட்டைகள் என்றே நினைக்கிறேன்.

எனவே வரம்பைக் கண்டுபிடிக்க: அட்டைக்கு ஒதுக்கும் நிமிடத்தை நொடியாக்கி, ஒரு பார்வையின் நொடியால் வகுத்து, மறுபடி 8-ஆல் வகுங்கள். 60 நிமிடம், 15 நொடி என்றால் 30 புதிய அட்டை. அதே 60 நிமிடம், 30 நொடி என்றால் 15தான். மீதி இரண்டு மணி நேரம் புத்தகத்துக்கும் கணக்குக்கும். உங்கள் நிலையில் 20-25 தாண்டாதீர்கள்.

இப்போது குவிந்ததை இறக்குவது எப்படி:

புதிய அட்டையைப் பூஜ்ஜியமாக்குங்கள். தினசரி அதிகபட்ச மறுபார்வை என்ற இடத்தில் 200 என்று இருந்தால் 9999 ஆக்குங்கள். 200-இல் விட்டால் மீதி கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் சேரும், நீங்கள் எல்லாம் முடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணிப்பு முறையை ஆன் செய்து, எவ்வளவு நினைவில் இருக்க வேண்டும் என்ற அளவை 0.90-இலிருந்து 0.85-க்கு இறக்குங்கள். குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, நான்கில் இரண்டைத் தள்ளத் தெரிந்தாலே பாதி வாய்ப்பு. 0.97 வைத்துக்கொண்டு பாடாய்ப் படுவது வீண். 0.90-க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் வேலை மளமளவென்று ஏறும்.

இன்னொன்று. மறந்துபோன அட்டைக்கு ‘ஹார்ட்’ அழுத்தாதீர்கள். அது ‘சிரமப்பட்டேன், ஆனால் வந்துவிட்டது’ என்பதற்கான பொத்தான். மறந்ததற்கும் அதை அழுத்தினால் செயலி உங்களுக்கு நினைவிருப்பதாக எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிவிடும், அட்டை அடுத்த முறையும் தப்பாகும். மறந்தால் ‘அகெய்ன்’ மட்டும்.

வெள்ளைத்தாள்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். மூன்று முறை படித்தீர்கள், ஒரு முறைகூட நினைவிலிருந்து எடுக்கவில்லை. பிரச்சினை அங்கேதான். திரும்பப் படிக்கும்போது வரி பழக்கமாகத் தெரியும், அந்தப் பழக்கத்தைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். கொள்குறி வினாவில் நான்கு பெயருமே ஏற்கெனவே பார்த்த பெயர்கள். எல்லாம் பழக்கமாகத் தெரிகின்றன, எதுவும் தனித்துத் தெரியவில்லை.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு சிறு உரைப்பகுதியை ஒரு குழு மறுபடி படித்தது, இன்னொரு குழு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே மேல்: 81-க்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து எழுதியவர்கள் 56, படித்தவர்கள் 42. படித்த அன்றைக்கு மறுவாசிப்பு ஜெயிப்பதால்தான் யாரும் அதை விடமாட்டேன் என்கிறார்கள்.

செய்யும் முறை: பாடத்தில் ஒரு துணைத்தலைப்பை மட்டும் எடுங்கள், இரண்டு மூன்று பக்கம், பதினைந்து நிமிடம். புத்தகத்தை மூடுங்கள். வெறும் தாளில் ஐந்து நிமிடம் வந்ததை எழுதுங்கள், துண்டு துண்டாக இருந்தாலும் சரி. எழுத வராத இடத்தில் இடம் விட்டு நகருங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பில் நிரப்புங்கள். அந்தச் சிவப்பு மட்டும்தான் அட்டையாக வேண்டும். தெரிந்ததையெல்லாம் அட்டையாக்குவதால்தான் 50 ஆகிறது. இப்படிச் செய்தால் ஒரு துணைத்தலைப்புக்கு நாலைந்துக்கு மேல் தேறாது.

மூடிய உடனே ‘ஒன்றும் வரவில்லையே’ என்று திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு நிமிடமாவது தேடித் தவியுங்கள், வேலை நடப்பதே அந்த நேரத்தில்தான்.

மாதிரி வினாத்தாள் போடும்போது நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு முதலில் வாயால் விடை சொல்லுங்கள், பிறகு கையை எடுங்கள். விடைக்குறிப்பைப் பத்துப் பத்துக் கேள்வியாக முடித்தபின் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் பார்த்தால் அடுத்த கேள்விக்குத் துப்பு கிடைத்துவிடும்.

சிங்கநடை:

எல்லையெல்லாம் நாமே போட்டுக்கிறது ப்ரோ. பாடத்தைச் சத்தமா பத்துத் தடவை படிங்க, தானா ஏறும். ஆன்கி எல்லாம் நேர விரயம். மனுசன் படிச்சதுல 80 விழுக்காடு மறந்துதான் போவான், அதனால அதிகமாப் படிச்சாதான் மிஞ்சும்.

வெள்ளைத்தாள்:

சத்தமாகப் படிப்பதில் தவறில்லை, மௌனமாகப் படித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். ‘பத்துத் தடவை’ ஒரே அமர்வில் என்றால்தான் சிக்கல். மூன்றாவது தடவைக்குப் பிறகு வாய் மட்டும் ஓடும். அதே பத்தை ஐந்து நாளுக்கு இரண்டு என்று பிரித்தால் நேரம் அதேதான், பலன் வேறு.

80 விழுக்காடு மறதி என்று சுற்றும் எண்ணுக்கு மூலம் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட சோதனை. அவர் தன்னையே சோதித்துக்கொண்டார், அதுவும் பொருளில்லாத அசைகளைக் கொண்டு. மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதைத்தான் அளந்தார்: ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். காரண காரியத்தோடு படித்த வரலாற்றுப் பாடத்துக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டக் கூடாது. அவர் வரைந்த மறதிக் கோட்டில் எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவம் மட்டும்: சரிவு முதல் நாளில்தான் செங்குத்து. அதனால் முதல் மறுபார்வையை மறுநாளைத் தாண்டவிடக் கூடாது.

திணைமயக்கம்:

எட்டுத்தொகைக் குழப்பத்துக்கு வருகிறேன். இது மறதியே இல்லை, தகவல்கள் ஒன்றையொன்று தள்ளுவது. ஒரே அச்சில் வார்த்த கேள்விக்கு (‘தொகுத்தவர் யார்?’) எட்டு வெவ்வேறு விடைகளை ஒரே இரவில் படித்தால் அப்படித்தான் ஆகும். பத்து முறை கூடுதலாகப் படித்தாலும் தீராது. சுமையைக் குறைக்க வேண்டும், வேறுபாட்டைக் கூர்மையாக்க வேண்டும்.

முதலில் சுமை. அடி வரையறை: ஐங்குறுநூறு 3–6, குறுந்தொகை 4–8, நற்றிணை 9–12, அகநானூறு 13–31. எட்டு எண்களாகப் படிக்காதீர்கள். குறுந்தொகை 8-இல் முடிய, நற்றிணை 9-இல் தொடங்குகிறது. அது 12-இல் முடிய, அகநானூறு 13-இல் தொடங்குகிறது. எனவே 4, 8, 12, 31 போதும். தனியாக நிற்பது ஐங்குறுநூறு மட்டும், அது 3–6. எட்டு ஆறானது.

அகநானூற்றில் எந்தப் பாடல் எந்தத் திணை என்பது 400 தகவல் இல்லை, ஒரே விதி. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8-இல் முடிவது குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்கு நெய்தல். சரிபார்க்க எண்ணிக்கையைக் கூட்டுங்கள்: 200, 80, 40, 40, 40. மொத்தம் 400 வருகிறதா? 238-ஆம் பாடல் என்ன திணை என்று கேட்டாலும் யோசிக்காமல் குறிஞ்சி எனலாம்.

இனி வேறுபாடு. தொகுத்தவர், தொகுப்பித்தவரை ஒரு நாளைக்கு ஒரு நூல் என்று எடுங்கள். இன்று நற்றிணை: தொகுத்தவர் தெரியவில்லை, தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. இரண்டு நாள் கழித்துக் குறுந்தொகை: தொகுத்தவர் பூரிக்கோ, தொகுப்பித்தவர் தெரியவில்லை. இரண்டும் தனித்தனியே உறுதியானபின் மோதவிடும் ஓர் அட்டை எழுதுங்கள்: ‘தொகுத்தவர் தெரியாத நூல் நற்றிணையா குறுந்தொகையா?’ அகநானூறு (உருத்திரசன்மர், உக்கிரப்பெருவழுதி), ஐங்குறுநூறு (கூடலூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை) இரண்டையும் அப்படியே மோதவிடலாம். இதில் பாண்டியர் இருவர், சேரர் ஒருவர் என்ற ஒரு வரியும் உதவும். தனியாக உறுதியாகும் முன் மோதவிட்டால் குழப்பம் கூடும், உறுதியான பிறகும் மோதவிடாமல் இருந்தால் தேர்வறையில் முதல்முறையாக மோதும்.

நூற்பெயர் வரிசைக்கு ‘நற்றிணை நல்ல குறுந்தொகை’ என்று தொடங்கும் பழைய வெண்பா இருக்கவே இருக்கிறது. வெண்பாவில் எதுகை அடுத்த அடியை இழுத்து வரும், சீர் தப்பினால் காது சொல்லிவிடும். எட்டுப் பெயரும் ஒரே அலகாகிவிடும். நினைவில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது நாலு அலகு அளவுதான் என்று உளவியலாளர் கோவன் 2001-இல் எழுதினார் (அதற்கு முன் 1956-இல் மில்லர் சொன்ன ‘ஏழு அலகு’ இன்னும் எல்லாப் பயிற்சி மையச் சுவரிலும் தொங்குகிறது). அதனால் எட்டுப் பெயர்ப் பட்டியலை நேராகப் படிக்க உட்காருவது தொடக்கத்திலேயே தோல்வி.

தென்பொதிகை:

மிக்க நன்றி எல்லோருக்கும். சராசரி பார்த்தேன், 27 நொடி காட்டுகிறது! கூட்டல்கழித்தல் சொன்னது சரி. பழைய அட்டைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? அப்புறம் காலை நேரம் எதற்கு, இரவு எதற்கு? அரசமைப்புச் சட்ட உறுப்பு எண்களுக்கும் அகநானூறு மாதிரி விதி ஏதும் இருக்கிறதா?

கூட்டல்கழித்தல்:

அழிக்க வேண்டாம், எல்லாவற்றையும் உட்கார்ந்து உடைக்கவும் வேண்டாம், அதற்கே ஒரு மாதம் போகும். தப்பாகிற அட்டையை மட்டும் அந்த இடத்திலேயே உடையுங்கள். எட்டு முறை மறந்த அட்டையை ஆன்கி ‘லீச்’ என்று குறித்து வைக்கும். அந்தப் பட்டியலை ஞாயிறன்று திறந்து ஒவ்வொன்றையும் உடையுங்கள் அல்லது தூக்கி எறியுங்கள். எறிவதற்குத் தயங்காதீர்கள், 200 கேள்வியில் ஒன்றுக்காக இருபது அட்டையின் நேரத்தை ஒரே அட்டை தின்னக் கூடாது.

உடைப்பதற்கு எடுத்துக்காட்டு. ‘வேலூர்ப் புரட்சி பற்றிக் குறிப்பு வரைக’ என்ற அட்டை 40 நொடி. அதையே இப்படி: எந்த நாள்? 1806 ஜூலை 10. அப்போதைய சென்னை ஆளுநர்? வில்லியம் பெண்டிங். புதிய தலைப்பாகை ஆணைக்குப் பொறுப்பான தளபதி? ஜான் கிரடாக். புரட்சியாளர்கள் யாரை அரசராக அறிவித்தார்கள்? திப்புவின் மூத்த மகன் ஃபதே ஹைதர். ஆற்காட்டிலிருந்து வந்து அடக்கியவர்? கில்லெஸ்பி. கூடவே ஒரு ‘ஏன்’ அட்டை: தலைப்பாகையை ஏன் எதிர்த்தார்கள்? தோல் குஞ்சம் வைத்தது, ஐரோப்பியத் தொப்பி போல இருந்தது, கூடவே சமயக் குறி, காதணி, தாடிக்கும் தடை. இந்த ‘ஏன்’ அட்டை நின்றுவிட்டால் மற்ற ஐந்தும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெண்டிங்கும் கிரடாக்கும் மாறிப்போனால் திணைமயக்கம் சொன்ன மாதிரி ஒரு மோதல் அட்டை. கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்களுக்கும் இதே கதிதான், இரண்டும் தூக்கு, இரண்டும் அக்டோபர்: கயத்தாறு 1799 அக்டோபர் 16, திருப்பத்தூர் 1801 அக்டோபர் 24.

உறுப்பு எண்ணுக்கு விதி உண்டு. ஒன்றிய உறுப்போடு 89 கூட்டினால் மாநில உறுப்பு. மன்னிப்பு அதிகாரம் 72, ஆளுநருக்கு 161. அமைச்சரவை ஆலோசனை 74, 163. அட்டர்னி ஜெனரல் 76, அட்வகேட் ஜெனரல் 165. நாடாளுமன்றம் 79, சட்டமன்றம் 168. பண மசோதா 110, 199. பிறகு ஒன்று கூடி 90 ஆகும்: வரவு செலவுத் திட்டம் 112, 202. அவசரச் சட்டம் 123, 213. குடியரசுத் தலைவர் 52, ஆளுநர் 153 என்ற இணைக்கு மட்டும் வித்தியாசம் 101, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா உறுப்புக்கும் நீட்டாதீர்கள், இந்தப் பகுதிக்கு மட்டும்.

வெள்ளைத்தாள்:

நேரம் பற்றி: இரவில் புதிய பாடம், காலையில் மறுபார்வை. படித்ததற்கும் முதல் சோதனைக்கும் நடுவே தூக்கம் வரும்படி வையுங்கள். ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-இலேயே காட்டியது இது: அதே எட்டு மணி நேர இடைவெளியில் தூங்கி எழுந்தபோது மறந்தது குறைவு, விழித்திருந்தபோது மறந்தது அதிகம். தூக்கத்தை வெட்டி நாலாவது மணி நேரம் சேர்த்தால் மற்ற மூன்று மணி நேரத்தின் பலனில் கைவைக்கிறீர்கள்.

இரவு முதல் ஒன்றே கால் மணி நேரம் பாடமும் வெறும் தாளும். மீதியில் திறனறி கணக்கு. தேர்வில் அதற்கு வரும் 25 கேள்விக்கு அட்டை வேண்டாம், தினம் பத்துக் கணக்கு கையால் போட வேண்டும். தனிவட்டி பத்து என்று ஒரே வகையாகப் போடாமல் வட்டி, விகிதம், மீ.பொ.வ., வேலை-நேரம் என்று கலந்து போடுங்கள். எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதுதான் தேர்வில் பாதி வேலை, ஒரே வகையாகப் போட்டால் அது பழகாது.

கூட்டல்கழித்தல்:

கடைசியாக ஒன்று. தேர்வுக்கு நாலு வாரம் முன்பு புதிய அட்டையை முழுவதும் நிறுத்துங்கள். அந்த மாதம் சேர்த்த அட்டை முழு எட்டுப் பார்வையும் பெறாமலேயே தேர்வறைக்குப் போகும், அரைகுறையாக நின்று பழையதையும் குழப்பும். அப்போது மிச்சமாகும் நேரத்தை முழு வினாத்தாளுக்குக் கொடுங்கள், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து. தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், எனவே தினம் 20 புதிய அட்டை என்றால் 12 தமிழுக்கு.